இடப்பக்கம் சாய்ந்த பாதி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் சட்டைப் பையின் தையல் விட்டுப்போயிருந்தது. அக்காவிடம் கொடுத்தால் பேசிக்கொண்டிருக்கும்போதே அடித்துக் கொடுத்துவிடுவாள் என்று ஒரு மத்தியான வேளையில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் வேலை செய்யும் அறையில், மேசைமேல் இரண்டு குவியலாகத் துணித் துண்டுகள் கிடந்தன. பூப்போட்ட துணிகள். ஒன்றை எடுத்துப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன்.

"தொடாதடா!" என்று கத்தினாள்.

என் அக்கா கத்துகிற ரகம் இல்லை. தையல் மிஷின் ஊசி விரலில் இறங்கியபோதுகூட "அடடா" என்று மட்டும் சொன்னவள். அப்படிப்பட்டவள் கத்துகிறாள் என்றால் அந்த மேசைமேல் ஏதோ கதை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொந்த அக்காவின் முகம் வெளுத்துப்போயிருக்கும்போது அதில் கதையை மோப்பம் பிடிக்கிற புத்தி நல்ல புத்தி இல்லைதான். என்ன செய்வது, பிழைப்பு அப்படி. சட்டையை மறந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எழுத அனுமதி கிடைத்தது சில நாள் கழித்து. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. "யார் பேரும் வரக் கூடாது. அனுப்புறதுக்கு முன்னாடி நான் படிக்கணும். அவளும் படிக்கணும்" என்றாள். ஆகவே இதில் அக்கா, அக்கா. அவள் கணவர், அத்தான். அத்தானின் மகள், மிளகு. மிளகு என்பது அவள் அப்பா வைத்த செல்லப்பெயர். ஏன் அப்படி வைத்தார் என்பது அவளிடம் இரண்டு வார்த்தை பேசினாலே தெரிந்துவிடும்.

2

இதற்கு மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மூன்றையும் காட்டிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

முதலாவது: "ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்த மேசைமேல் துண்டு துண்டாகக் கிடந்தது." எழுதிவிட்டு எனக்கே புல்லரித்தது. அக்காவிடம் படித்துக் காட்டினேன். "வாழ்க்கையா? நைட்டிடா அது" என்றாள். அந்தத் தொடக்கம் அங்கேயே உயிரை விட்டது.

இரண்டாவது: "உருளைகளுக்கு நடுவே நுழைந்த எதுவும் நுழைந்தபடியே வெளியே—" வேண்டாம். இதுவும் அதே வியாதி. ஆனால் உருளைகளைப் பற்றிச் சொல்லாமல் கதைக்குள் போக முடியாது.

அக்கா பெரிய கட்டிலுக்கான குவில்ட்டுகள் தைக்கிறவள். சின்னச் சின்னத் துணித் துண்டுகளை வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, கட்டில் முழுக்க மூடுகிற அளவுக்குத் தைப்பது. துண்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவள் மணிக்கட்டு போய்விட்டது. அப்புறம்தான் கட்டிங் மிஷின் வாங்கினாள். இரண்டு உருளை, பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதோடு அச்சுப் பலகைகள் வரும். ஒவ்வொரு பலகையிலும் ஒரு வடிவத்தில் பிளேடுகளைப் பதித்து, இடுக்கில் ஸ்பாஞ்ச் வைத்திருப்பார்கள். பலகைமேல் துணியைச் சில அடுக்காக வைக்க வேண்டும். மேலே ஒரு பிளாஸ்டிக் தகட்டை மூட வேண்டும். உருளைகளுக்கு நடுவே விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், அந்தப் பக்கம் வரும்போது எல்லா அடுக்கும் ஒரே அளவில் வெட்டுப்பட்டிருக்கும். நறநறவென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு அப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வெட்டினது வெட்டினதுதான்.

(அடிக்குறிப்பு. அடியில் போட்டால் நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்பதால் நடுவிலேயே போடுகிறேன். முதல் பிரதியில் குவில்ட் என்று எழுதாமல் போர்வை என்று எழுதியிருந்தேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. போர்வை ஒரே துணி. இது மூன்று: மேலே துண்டுகளைச் சேர்த்த துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத் துணி. மூன்றையும் பிடித்து ஒரு தையல். "போர்வைன்னு எழுதினா படிக்கிறவங்க போர்வையைத்தான்டா நினைச்சுக்குவாங்க" என்றாள். மறுத்துப் பேச முடியவில்லை.)

மூன்றாவது தொடக்கம்: "என் அக்கா அத்தானுக்கு இரண்டாம் மனைவி." அழகு ஒன்றும் இல்லை. ஆனால் கதை அங்கேதான் தொடங்குகிறது, அதனால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

என் அக்கா அத்தானுக்கு இரண்டாம் மனைவி. முதல் மனைவி நோயில் இறந்தபோது மிளகு எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதில் இருந்தாள். அக்கா அந்த வீட்டுக்குப் போனபோது அவளுக்கு எல்லாம் புரிகிற வயது. இப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். இத்தனை காலத்தில் ஒருநாளும் அவள் அக்காவை ஓர் உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டதில்லை.

நம் மொழியில் இது லேசான காரியம் இல்லை. தெருவில் முகவரி கேட்கிறவனைக்கூட நாம் அண்ணே என்றுதான் ஆரம்பிக்கிறோம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒருவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் வருடக்கணக்கில் காலம் தள்ளுவதற்குத் தனிச் சாமர்த்தியம் வேண்டும். மிளகுக்கு அது இருந்தது. "இங்க பாருங்க." "யாரோ வந்திருக்காங்க." "அப்பா கேக்கிறாரு, சாவி எங்கன்னு." அக்கா தள்ளி எங்காவது இருந்தால், நடந்து வந்து பக்கத்தில் நிற்பாள், அக்கா திரும்பிப் பார்க்கும்வரை. மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. அந்த மரியாதைதான் அக்காவைத் தின்றது. "கதவை அறைஞ்சு சாத்தினாகூட நல்லா இருக்கும்டா. சத்தம் வராம சாத்துறா" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

என்னை மட்டும் முதல் நாளிலிருந்தே மாமா என்பாள். அம்மாவின் தம்பிதானே மாமா, அந்தக் கணக்கில் பார்த்தால் என் அக்கா உனக்கு யார் என்று ஒருமுறை மடக்கினேன். "மாமா, நீங்க கதை எழுதுங்க. கணக்கெல்லாம் எங்க வாத்தியார் பார்த்துக்குவாரு" என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

4

ஒரு விடுமுறை நாள் காலையில் மிளகு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்காவின் வேலை அறைக்கு வந்தாள். அலமாரிக்கு மேலே இருக்கிற பெட்டி. அதில் என்ன இருக்கிறது என்று வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அக்கா அதன்மேல் தூசு மட்டும் தட்டுவாள்.

"இதுல குவில்ட் தைக்க முடியுமா?"

அக்கா பெட்டியைப் பார்த்தாள். சட்டைகள், நைட்டிகள், ஒரு மஞ்சள் பாவாடை. எல்லாம் மடிப்பு கலையாமல் இருந்தன.

"இது உங்க அம்மாவோடதும்மா."

"ஆமா."

"தைக்கணும்னா வெட்டணுமே."

"வெட்டாம யாராவது தைப்பாங்களா?"

"வெட்டிட்டா அவ்வளவுதான், கண்ணு. திரும்பச் சட்டை ஆகாது. நல்லா யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன்."

"சரி. உன் கட்டிலுக்குத்தானே? ஒத்தக் கட்டில், துணி தாராளமா வந்துடும்."

"இல்ல. அப்பா கட்டிலுக்கு."

(இங்கே "அறையில் மௌனம்" என்று ஏதோ எழுதி அடித்துவிட்டேன். நீங்களே கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு மேலே படியுங்கள்.)

அப்பா கட்டில் என்பது அக்காவும் படுக்கிற கட்டில்.

"அளவு?" என்று கேட்டாள் அக்கா. பாவம், அவளுக்கு வாயில் வந்தது அதுதான்.

"நீங்களே அளந்துக்குங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

அச்சுப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள் மிளகு. சதுரம் வேண்டாம். முக்கோணம் வேண்டாம். மிஷினோடு வந்து, அக்கா இதுவரை உறை பிரிக்காத ஒரு பலகையை எடுத்தாள். சாய்ந்த கட்டம். பள்ளிக்கூடத்தில் இணைகரம் என்று படித்தோமே, அது. "எல்லாம் ஒரே பக்கமா சாயணும். காத்துல மழை அடிக்குமே, அந்த மாதிரி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

5

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு மிளகைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். ஒரு பாத்திரம் எதற்காக ஒன்றைச் செய்கிறது என்று தெரியாமல் அதை எப்படி நடத்திக்கொண்டு போவது?

ஒன்று: இது சண்டை. நீ படுக்கிற கட்டிலில் தினமும் என் அம்மா உன்மேல் கிடப்பாள், தூங்கு பார்க்கலாம். (இப்படி எழுதினால் கதை சூடாக இருக்கும்.)

இரண்டு: இது கொடை. என் அம்மாவின் துணியை உன் கையில் தருகிறேன், வேறு யாருக்கும் தர மாட்டேன். (இப்படி எழுதினால் உங்களுக்குக் கண் கலங்கும்.)

மூன்று: பதினேழு வயதுப் பெண். எங்கேயோ ஒரு படம் பார்த்தாள், பிடித்திருந்தது, கேட்டாள். அவ்வளவுதான். (இது எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. அதனாலேயே இதுதான் உண்மையோ என்று பயமாக இருக்கிறது.)

அக்காவிடம் கேட்டேன். "அவ கேட்டப்ப நீ என்ன நினைச்ச?"

"துணி பத்துமான்னு நினைச்சேன்."

"பொய் சொல்லாத."

"சரி, பொய்தான். அதுக்கு அடியில நான் எப்படிடா தூங்குவேன்னு நினைச்சேன்." கொஞ்ச நேரம் நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தாள். "இத்தனை வருஷத்துல முதல் தடவையா எங்கிட்ட வாய்விட்டு ஒண்ணு கேட்டிருக்கா. முடியாதுன்னு சொல்ல வாய் வருமா, சொல்லு?"

அத்தானிடமும் கேட்டேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். "லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சுன்னா சொல்லு மச்சான், ஓடி வரேன். இதை அவங்க ரெண்டு பேரும் பார்த்துக்குவாங்க" என்று சொல்லி, வேலையே இல்லாத ஓர் இடத்தில் வேலை இருப்பதாகக் கிளம்பிப் போய்விட்டார். முதல் பிரதியில் அவரைக் கல்நெஞ்சக்காரராக எழுதியிருந்தேன். அக்கா அந்தப் பத்தியையே அடித்துவிட்டாள். "அவரு பாவம்டா. பெட்டி காலியா இருக்கிறதைப் பார்த்துட்டு, துணி துவைக்கிற இடத்துல போய் நின்னுட்டு வந்தாரு" என்றாள்.

6

அக்கா ஒவ்வோர் உடுப்பாக எடுத்துத் தையலைப் பிரித்தாள். இஸ்திரி போட்டாள். கழுத்து, கை, பட்டன் பட்டி எல்லாம் போக எவ்வளவு துணி தேறும் என்று அளந்தாள். நடுநடுவே சாம்பல் நிற வெற்றுத்துணி சேர்த்தால் பெரிய கட்டிலுக்குச் சரியாக வரும், மிச்சம் ஒரு விரற்கடைகூட இருக்காது. ஒத்திகைக்கு ஒரு பழைய வெள்ளை விரிப்பைக் கிழித்து, முன்னும் பின்னுமாக விசிறி மடிப்பு மடித்து, புதுப் பலகையில் வைத்து வெட்டிப் பார்த்தாள். துண்டுகள் அழகாக விழுந்தன.

மிளகு பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு நாள் அக்கா அந்த அம்மாவின் துணிகளை வெட்டினாள். வெள்ளை விரிப்பை மடித்தது போலவே மடித்தாள். தகட்டை மூடினாள், கைப்பிடியைச் சுற்றினாள். எல்லாம் முடிந்தபிறகு துண்டுகளை, பூப்போட்ட முகம் மேலே பார்க்கும்படி அடுக்க ஆரம்பித்தாள். பாதித் துண்டுகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. பாதி இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

ஏன் என்று உங்களுக்குச் சொல்கிறேன், எனக்கு அக்கா ஒரு காகிதத்தை மடித்துக் காட்டினாள். விசிறியாக மடித்தால் ஓர் அடுக்கில் துணியின் முகம் மேலே பார்க்கும், அடுத்த அடுக்கில் கீழே பார்க்கும். சதுரத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை, புரட்டினாலும் சதுரம் சதுரம்தான். சாய்ந்த கட்டத்தைப் புரட்டினால் சாய்வு மாறிவிடும். வலக்காலின் செருப்பு இடக்காலுக்கு ஆகாதது மாதிரி. அதனால் இந்த வடிவத்துக்கு மடிக்கவே கூடாது. தனித்தனித் துணியாக, எல்லாம் முகம் மேலே பார்க்க, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். வெள்ளை விரிப்புக்கு முகமும் முதுகும் ஒன்று, ஆகவே ஒத்திகையில் தப்பு தெரியவில்லை. அக்கா இத்தனை காலமும் சதுரமும் முக்கோணமும் வெட்டிப் பழகியவள். கை பழகிய வழியில் போய்விட்டது.

"இடப்பக்கம் சாயறதைத் திருப்பிப் போட்டுத் தைச்சா சரியாயிடுமே" என்றேன், ஏதோ கண்டுபிடித்துவிட்டவன் மாதிரி.

"திருப்பினா உள்பக்கம் மேல வரும்டா. பூ எல்லாம் மங்கித் தெரியும். பாதி குவில்ட் உள்பக்கமாவா இருக்கும்? அவங்க அம்மா துணியை அப்படியா தைச்சுக் குடுப்பேன்?"

நான் கிழிந்த சட்டைப் பையோடு போய் நின்றது அந்த மத்தியானம்தான். வேறு துணியாக இருந்தால் கடைக்குப் போய் வாங்கிவிடலாம். இதை உடுத்தியவள் உயிரோடு இல்லை. வெட்டியவள் அவள் இடத்துக்கு வந்தவள். மிளகு வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"தப்பா மடிச்சுட்டேன்னு சொன்னா யாருடா நம்புவா?" என்றாள் அக்கா. "நானா இருந்தா நம்புவேனா?"

7

(இந்தப் பகுதியை எழுதாதே என்றாள். எழுதிவிட்டேன்.)

அந்த மத்தியானம் நான் அவளிடம் ஒன்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கதை எழுதுகிறவன் மனசுக்குள் அது வந்துவிட்டது, நீங்களும் இந்நேரம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

"அக்கா, உண்மையைச் சொல்லு. கை தானா தப்புப் பண்ணிச்சா?"

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலடா. சுத்தும்போது... சந்தோஷமா இருந்துச்சு. அந்த மஞ்சப் பாவாடை உள்ள போனப்ப. அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சதாம் அது, அவரு ஒரு தடவை சொல்லியிருக்காரு." குரல் இறங்கிப்போய்விட்டது. "ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அதுக்காக வேணும்னு தப்பா மடிச்சேன்னு ஆயிடுமா?"

ஆகாது என்று சொன்னேன். தம்பி வேறு என்ன சொல்வான். அவள்மேல் எனக்கு அன்றைக்கு வந்த பிரியம் அதற்கு முன் வந்ததில்லை, அதையும் இங்கேயே எழுதிவைக்கிறேன்.

8

மிளகு வந்தாள். இதைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

"பையைத் தரையில் வீசினாள். 'வேணும்னேதானே பண்ணீங்க? எனக்கு அப்பவே தெரியும், நீங்க—'" இல்லை. அவள் குரல் அப்படி உயராது.

"ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டு, 'பரவாயில்ல, விடுங்க'—" இதை எழுதும்போது பேனாவுக்கே கூச்சமாக இருந்தது.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். நான் அங்கேதான் இருந்தேன், கிளம்பப் பார்த்தவனை அக்கா சட்டையைப் பிடித்து உட்கார வைத்திருந்தாள். மிளகு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா எழுந்து நின்றுவிட்டாள். பரீட்சையில் தோற்றவள் மாதிரி நின்றுகொண்டு, ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். மடிக்கக் கூடாதது, மடித்தது, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம், இனி துணி இல்லை.

மிளகு இரண்டு குவியலையும் பார்த்தாள். தன் அறைக்குப் போய்விட்டாள்.

"போச்சு" என்றாள் அக்கா, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

மிளகு திரும்பி வந்தாள். கையில் அவளுடைய பூப்போட்ட சட்டை ஒன்று. கத்தரிக்கோலை எடுத்து முதுகுப் பக்கத்தை அப்படியே வெட்டி எடுத்தாள். மேசைக்கு வந்து சாய்ந்த கட்டப் பலகையை இழுத்தாள்.

"எப்படி மடிக்கணும்னு சொல்லாதீங்க" என்றாள்.

சொல்லக் கூடாது என்றால் அக்கா எப்படி வாயைத் திறப்பாள்? நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மிளகு துணியைப் பலகைமேல் வைத்தாள். நீளமாக இருந்தது. மடித்தாள். இன்னும் நீளமாக இருந்தது. திருப்பி மடித்தாள். முன்னும் பின்னுமாக, விசிறியாக. தகட்டை மூடினாள். கைப்பிடி அவளுக்கு இறுக்கமாக இருந்தது. அக்காவின் கை தானாக நீண்டது, மிளகு தலையை ஆட்டினாள், அக்கா கையை இழுத்துக்கொண்டாள். நறநறவென்று பலகை அந்தப் பக்கம் வந்தது.

துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, முகம் மேலே பார்க்க வைத்தாள். ஒன்று வலப்பக்கம் சாய்ந்தது. அடுத்தது இடப்பக்கம். அடுத்தது வலப்பக்கம். கடைசித் துண்டுவரை வைத்துப் பார்த்தாள். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது என்றால் அவளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

"நானும் இப்படித்தான் மடிச்சிருக்கேன்" என்றாள். அப்புறம், "இது நல்ல சட்டை" என்றாள்.

அக்கா சிரிக்கப் போனாள். அது அழுகையாக வந்தது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

மிளகு அவளை அழ விட்டுவிட்டு, அம்மாவின் துண்டுகளில் இடப்பக்கம் சாய்ந்த ஒன்றை எடுத்துப் புரட்டினாள். சாய்வு சரியாகிவிட்டது. பூ மங்கிப்போய்விட்டது.

"அது உள்பக்கம், கண்ணு. நல்லா இருக்காது" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மிளகு விரலால் அந்தத் துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இந்தப் பக்கம்தானே அம்மா மேல பட்டிருக்கும்?"

அக்காவும் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஆமா" என்றாள்.

"அப்ப இப்படியே தைங்க."

9

கதை இங்கே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பழக்க தோஷத்தில் முடிவுகளும் தயாரித்தேன்.

மறுநாள் காலையில் மிளகு வாசலிலிருந்து அக்காவை "அம்மா" என்று கூப்பிடுகிறாள். நீங்கள் இதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும். எனக்கும் ஆசைதான். அவள் கூப்பிடவில்லை. இன்றைக்கும் நடந்து வந்து பக்கத்தில்தான் நிற்கிறாள்.

அத்தான் அந்த மஞ்சள் துண்டைத் தொட்டுப் பார்த்துக் கண்ணீர் விடுகிறார். இது நிஜமாகவே நடந்தது. ஆனால் அவர் சோப்பு விளம்பரத்துக்கே அழுகிறவர், அதை வைத்துக் கதையை முடிக்க முடியாது.

குவில்ட்டுக்குக் கண்காட்சியில் பரிசு— சீ. மன்னித்துவிடுங்கள்.

இதுவரை எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். ஏழாம் பகுதியில் நின்றாள். "எழுதாதன்னு சொன்னேனே." எடுத்துவிடட்டுமா என்றேன். காகிதங்களை ஓரம் சேர்த்து அடுக்கி என்னிடம் நீட்டினாள். "வேணாம், இருக்கட்டும். அவ எப்படியும் படிப்பா. எங்கிட்டருந்தே தெரியட்டும்" என்றாள்.

மிளகும் படித்தாள். நான் பக்கத்திலேயே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"மாமா, நான் இவ்வளவு திமிராவா பேசுறேன்?"

"குறைச்சுத்தான் எழுதியிருக்கேன்."

ஏழாம் பகுதியை ஒருமுறை படித்தாள். தாளைப் புரட்டினாள். திரும்ப முன்னால் வந்து இன்னொரு முறை படித்தாள். என்ன நினைக்கிறாள் என்று கேட்கிற தைரியம் எனக்கில்லை. காகிதங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அஞ்சாவதுல மூணு காரணம் போட்டிருக்கீங்க. ஒண்ணை விட்டுட்டீங்க" என்றாள்.

"என்ன அது?"

"நீங்கதானே கதை எழுதுறவரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நாலாவது காரணத்தை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

10

மிளகு படித்த மறுநாள் நடந்தது இது. நான் அங்கே இல்லை. அக்கா போனில் சொன்னாள்.

தைப்பதற்கு முன் துண்டுகளைப் பரப்பி, எது எங்கே என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு பெரிய குவில்ட்டுக்கு மேசை போதாது. கட்டில்மேலேயே பரப்பலாம் என்று அக்கா வெற்று விரிப்பு ஒன்றைப் போட்டுவிட்டு, முதல் குவியலை எடுத்து வந்தாள். திரும்பிப் பார்த்தால், இரண்டாவது குவியலை ஒரு தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு மிளகு அறைக்குள் வந்து நிற்கிறாள். அக்கா அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மிளகு அந்த அறைக்கு உள்ளே வந்தது கிடையாது. எதுவானாலும் கதவுக்கு வெளியே நின்றுதான் சொல்வாள்.

"பூ தெரியறதையும் உள்பக்கத்தையும் மாத்தி மாத்தி வெச்சா அழகா இருக்கும்" என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

"வேணாம். ஒரு பாதி இது, ஒரு பாதி அது."

கட்டிலில் இரண்டு பேர் படுக்கலாம். ஒருவர்மேல் துணியின் முகம் வரும். ஒருவர்மேல், அம்மாவின் மேலே பட்ட உள்பக்கம் வரும். மிளகு மங்கிய துண்டுகள் இருந்த தாம்பாளத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். அக்காவை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாளாம்:

"நீங்க எந்தப் பக்கம் படுப்பீங்க?"

நான் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். "எதுக்குக் கேட்டா? உள்பக்கத்தை உன் பக்கம் வைக்கவா, உன் பக்கம் வராம பார்த்துக்கவா?"

"நான் கேக்கல."

"நீ பதில் சொன்னியா?"

"சொன்னேன்."

"எந்தப் பக்கம் வெச்சா?"

"வெச்சா. நானும் கூடச் சேர்ந்து வெச்சேன். தைக்கவும் ஆரம்பிச்சாச்சு."

"அக்கா, கதைக்கு முடிவு வேணும். எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லிடு."

அவள் சொல்லவில்லை. நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அந்த அறைக் கதவு எனக்கு இப்போது சாத்தியே இருக்கிறது. நானாக எழுதிப் பார்த்தேன். உள்பக்கம் அத்தானுக்கு என்று எழுதினால் மிளகின் பக்கம் நியாயம் தெரிகிறது. அக்காவுக்கு என்று எழுதினாலும் தெரிகிறது. ஏழாம் பகுதியைப் படித்த பிறகு அவள் கேட்ட கேள்வி அது என்பதை நினைத்துக்கொண்டு, நீங்களே துண்டுகளைப் பரப்பிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் வைத்தாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

நான் மட்டும் விடாமல் கேட்டுப் பார்த்தேன், தம்பி என்கிற உரிமையில். மறுமுனையில் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, ஓட்டுவது அக்கா இல்லை. அவள் போனை வைப்பதற்கு முன்னால் சொன்னது இவ்வளவுதான்:

"அது எங்க ரெண்டு பேருக்குள்ளடா."